வருகிறவருக்கு வழி செய்வோம்
(திருவருகைக் காலப் பாடம்)



கார்த்திகை முடிந்து மார்கழி பிறக்கும் நாட்களில் நமது தீவகத்திலே வாடைக்காற்று ஓங்கி வீசுகிறது. கடல் கொந்தளிக்கும் நாளில் குறிகாட்டுவான் இறங்குதுறையிலிருந்து நெடுந்தீவுக்குப் படகு புறப்படுமா என்பதை எவரும் உறுதியாகச் சொல்ல முடியாது. நெடுந்தீவுக்குப் பாலம் இல்லை, நயினாதீவுக்கும் இல்லை. ஆசிரியரும் தாதியும் குருவானவரும் மூட்டையோடு வரும் வியாபாரியும் ஒரே துறையில் நின்று கடலைப் பார்க்க வேண்டியதுதான். ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்குக் கடக்கிறவர்களும் 'பாதை' வந்து அணையும்வரை கரையில் நிற்கிறார்கள். காத்திருத்தல் என்றால் என்னவென்று தீவக மக்களுக்கு எவரும் புதிதாகப் படிப்பிக்கத் தேவையில்லை.

ஆயினும், துறையில் நிற்பவர்கள் எல்லோரும் ஒரே விதமாகக் காத்திருப்பதில்லை. ஒருவர் பொதியைக் கட்டி, பிள்ளையின் கையைப் பிடித்து, படகு அணைந்தவுடன் ஏறுவதற்கு ஆயத்தமாக நிற்கிறார். மற்றொருவர் தேநீர்க் கடையிலே கதையில் மூழ்கியிருந்துவிட்டு, கயிறு அவிழ்த்த பின்னர் ஓடி வருகிறார். இருவரும் காத்திருந்தவர்களே, ஆனால் ஒருவர் மாத்திரமே ஆயத்தமாயிருந்தவர். நத்தாருக்கு முன்னர் திருச்சபை நமக்கு நான்கு ஞாயிறுகளைத் தருவது இந்த ஆயத்தத்துக்காகவே. அக்காலத்தின் பொருள் என்ன, நமது முன்னோர் அதை எவ்விதம் வாழ்ந்தார்கள், இன்று நமது வீடுகளில் நாம் செய்ய வேண்டியது என்ன என்பவற்றை இப்பாடத்தில் சிந்திப்போம்.

1. காலத்தின் பொருள்

'அத்வெந்துஸ்' என்னும் இலத்தீன் சொல்லுக்கு வருகை என்பது பொருள். பழைய உரோமையர் தமது பேரரசர் ஒரு நகருக்கு எழுந்தருளுவதையும் இச்சொல்லாலேயே குறித்தார்கள். அரசர் வருகிறார் என்றால் மேடு பள்ளமான வீதி செப்பனிடப்படும். நகர மக்கள் வெளியே சென்று எதிர்கொள்வார்கள். கிறிஸ்தவர்கள் அந்தச் சொல்லை எடுத்து, மாட்டுத் தொழுவத்தில் பிறந்த ஓர் அரசருக்குச் சூட்டினார்கள்.

இக்காலம் ஒரே நாளில் தோன்றியதன்று. 380ஆம் ஆண்டில் ஸ்பானிய நாட்டின் சரகோசா நகரில் கூடிய ஆயர்கள், டிசெம்பர் 17 தொடக்கம் திருக்காட்சித் திருநாள் வரை விசுவாசிகள் கோயிலுக்கு வராமல் இருக்கலாகாது என்று விதித்தார்கள். ஐந்தாம் நூற்றாண்டில் பிரான்சின் தூர் நகரத்து ஆயர் பெர்ப்பெத்துவுஸ், புனித மார்ட்டீன் திருநாள் முதல் நத்தார் வரை கிழமைக்கு மூன்று நாள் ஒருசந்தி இருக்கும்படி தமது மக்களைப் பணித்தார். பின்னர் உரோமையில் இக்காலம் நான்கு ஞாயிறுகளாக உருப்பெற்றது.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழிபாட்டுச் சாசனம் 1963 டிசெம்பர் 4ஆம் நாள், திருவருகைக் காலத்தின் முதல் வாரத்திலேயே, வெளியாயிற்று. அதன் வழியில் 1969ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட நாட்காட்டியின்படி, நவெம்பர் 30ஆம் நாளுக்கு மிக அண்மையில் வரும் ஞாயிறு முதலாம் ஞாயிறாகும். 2025இல் அது நவெம்பர் 30ஆம் நாளிலேயே வந்தது. 2026இல் நவெம்பர் 29. நத்தார் எந்தக் கிழமையில் விழுகிறது என்பதைப் பொறுத்து இக்காலம் 22 நாள் முதல் 28 நாள் வரை நீடிக்கும்.

இதில் இரு பகுதிகள் உண்டு. டிசெம்பர் 16 வரையுள்ள நாட்கள், காலத்தின் முடிவில் ஆண்டவர் மகிமையோடு வரப்போவதை முன்வைக்கின்றன. டிசெம்பர் 17 முதல் 24 வரையுள்ள நாட்கள் பெத்லகேமை நோக்கி நம்மை நேரே அழைத்துச் செல்கின்றன. அந்நாட்களின் மாலைப் புகழில் 'ஓ' என விளிக்கும் ஏழு முன்மொழிகள் இடம்பெறுகின்றன. ஞானம், ஆண்டவர், ஈசாயின் வேர், தாவீதின் திறவுகோல், விடியற்சுடர், மக்களினங்களின் அரசர், எம்மானுவேல் என ஏழு பெயர்களால் திருச்சபை தன் மீட்பரைக் கூப்பிடுகிறது.

ஊதா உடையைக் கண்டு இது இன்னொரு தபசு காலம் என்று பலர் எண்ணுகிறார்கள். ஒப்புமை உண்டு, வேறுபாடும் உண்டு. தபசு காலத்தில் அல்லேலூயா ஒலிப்பதில்லை. திருவருகைக் காலத்தில் ஒலிக்கிறது. உன்னத கீதம் மாத்திரம் ஞாயிறுகளில் விடப்படுகிறது. நத்தார் இரவில் வானதூதரின் அந்தக் கீதம் புதிதாய்க் கேட்பதுபோல் நம் காதில் விழ வேண்டும் என்பதே அதன் கருத்து. மூன்றாம் ஞாயிறன்று இளஞ்சிவப்பு உடை அணியப்படுவதும், துன்பத்தினூடே மகிழ்ச்சி எட்டிப்பார்க்கும் காலம் இது என்பதை உணர்த்தவே.

2. விழித்திருத்தல்

முதலாம் ஞாயிறின் நற்செய்தி மூன்றாண்டு வட்டத்தில் முறையே மத்தேயு, மாற்கு, லூக்காஸ் ஆகியோரிடமிருந்து வாசிக்கப்படுகிறது. மூன்றும் சொல்வது ஒன்றே: உறங்காதீர்கள். நோவேயின் காலத்து மக்கள் உண்டதும் குடித்ததும் மணமுடித்ததும் பாவமல்ல. வெள்ளம் வந்தபோது அவற்றைத் தவிர வேறெதுவும் அவர்கள் நெஞ்சில் இல்லாதிருந்தது என்பதே குற்றம்.

மார்கழி மாதத்தில் நம் சைவ அயலவர்கள் திருவெம்பாவைப் பூசைக்காக விடியுமுன் எழுகிறார்கள். சங்கும் சேமக்கலமும் ஒலிக்க வீதிகளில் பாடி வருகிறார்கள். மாணிக்கவாசகரின் அப்பாடல்களின் கருத்தும் உறங்குகிறவர்களைத் துயிலெழுப்புவதே. நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயில் மணியோசை கேட்கும் வீடுகளில் வாழும் கத்தோலிக்கர், தாம் எந்த மணிக்கு எழுந்து இறைவனைத் தேடுகிறோம் என்று தம்மையே கேட்டுக்கொள்ளலாமன்றோ?

பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித பெர்நார்து, ஆண்டவரின் வருகை மூன்று என்று போதித்தார். முதல் வருகை பெத்லகேமில். இறுதி வருகை மகிமையில். இவ்விரண்டையும் உலகம் காணும். இடையிலே ஒரு வருகை உண்டு. அது மனிதரின் உள்ளத்திலே மறைவாக நிகழ்வது. முதலாவது முடிந்துவிட்டது; கடைசியானது எப்போதென்று நாம் அறியோம். ஆகவே இவ்வாண்டு நமது பொறுப்பில் விடப்பட்டிருப்பது நடுவில் உள்ள வருகையே.

3. மறைந்து கூடிய நத்தார்

1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினார்கள். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடல் நடுவே நிற்கும் கடற்கோட்டையும் அவ்வாண்டிலேயே அவர்கள் வசமாயிற்று. நமது தீவுகளுக்கு அவர்கள் தமது நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். அவற்றுள் 'டெல்வ்ற்' என்னும் நெடுந்தீவின் பெயர் மாத்திரம் இன்றும் வழங்குகிறது. கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது, குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள், அவர்களுக்கு இடங்கொடுப்பதும் குற்றமாயிற்று.

அடுத்து வந்த ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நமது மக்கள் தம்மிடையே தங்கும் குருவின்றி வாழ்ந்தார்கள். பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. தாய்மார் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுத்தே விசுவாசத்தைக் காத்தார்கள். 1687ஆம் ஆண்டில் கோவாவைச் சேர்ந்த யோசேவ் வாஸ் அடிகளார் பிச்சைக்காரர் கோலத்தில் யாழ்ப்பாணத்தை வந்தடைந்தார். நோயுற்றிருந்த அவர், கழுத்தில் செபமாலை அணிந்து வீடு வீடாக இரந்து, அதைக் கண்டு எவர் முகம் மலர்கிறதென்று பார்த்தே கத்தோலிக்கரை அடையாளம் கண்டார் என்பது வரலாறு. பின்னர் சில்லாலையைத் தமது பணித்தளமாக்கினார்.

1689ஆம் ஆண்டு டிசெம்பர் 24ஆம் நாள் இரவு, யாழ்ப்பாணத்தில் நத்தார்ப் பூசைக்காக ஒரு வீட்டில் பெருந்தொகையானோர் மறைவாகக் கூடியிருந்தார்கள். ஒல்லாந்த அதிகாரி வான் றீட் என்பவரின் கட்டளைப்படி படையினர் அங்கே புகுந்தார்கள். அடிகளார் தப்பிவிட்டார், மக்கள் அகப்பட்டார்கள். கல்வினின் போதனையைக் கைவிட்டுக் கத்தோலிக்கராகியிருந்த ஒருவர் கசையடியால் உயிர்நீத்தார். வேறு சிலர் கோட்டை வேலையில் கட்டாய உழைப்புக்கு அனுப்பப்பட்டார்கள். யோசேவ் வாஸ் அடிகளார் 1711இல் கண்டியில் இறந்தார். 1995 சனவரி 21இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அவருக்கு முத்திப்பேறு பட்டமளித்தார். 2015 சனவரி 14இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார்.

அந்த மக்கள் நத்தாருக்கு என்ன ஆயத்தம் செய்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு பூசை காண்பதற்காகத் தம் உடலையும் உடைமையையும் பணயம் வைப்பதே அவர்களின் ஆயத்தமாயிருந்தது. இன்றோ கோயிற் கதவு திறந்திருக்கிறது. மணி அடிக்கிறது. நள்ளிரவுப் பூசைக்கு நேரத்துக்கு வருவதையே சுமையாக நாம் கருதினால், அந்த இரவில் கசையடி பட்டவர்களின் வழிவந்தோர் என்று சொல்லிக்கொள்ள நமக்கு என்ன தகுதி உண்டு?

4. கரையில் இறந்த மறைபரப்பாளர்

டிசெம்பர் 3ஆம் நாள் புனித பிரான்சிஸ் சவேரியாரின் திருநாள். இது திருவருகைக் காலத்தில் அல்லது அதன் வாசலில் வருகிறது. 1552ஆம் ஆண்டு அந்நாளில் அவர் இறந்த இடம் சீனக் கரையோரத்திலுள்ள சான்சியான் என்னும் சிறு தீவு. சீனப் பெருநிலம் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்தது. இரகசியமாக அழைத்துச் செல்ல உடன்பட்ட ஒரு வணிகரின் படகுக்காக அவர் நாள்தோறும் காத்திருந்தார். படகு வரவில்லை, காய்ச்சல் வந்தது. 46 வயதில் அந்தத் தீவிலேயே உயிர்விட்டார்.

தீவில் வாழும் நமக்கு இது எளிதில் விளங்கும். அவர் எதிர்பார்த்த படகு வரவில்லையென்பதால் அவருடைய வாழ்வு வீணாயிற்றா? இல்லை. பின்வந்த மறைபரப்பாளர்கள் அவர் நின்ற இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். நாம் கேட்டது நாம் கேட்ட விதமாகவே நிறைவேறும் என்று இறைவன் வாக்களிக்கவில்லை. நம்மைக் கைவிடமாட்டார் என்பதே அவர் வாக்கு. இவ்வேறுபாட்டை அறியாதவரின் நம்பிக்கை முதல் ஏமாற்றத்தோடு முடிந்துபோகும்.

5. திரும்பி வராதோருக்காகக் காத்திருப்போர்

காத்திருத்தலைப் பற்றித் தீவகத்தில் பேசும்போது ஒரு காரியத்தைத் தொடாமற் போவது நேர்மையாகாது. 1985 மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு கடலில் மறிக்கப்பட்டு, பயணிகள் 20 பேருக்கு மேல் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 1990, 1991ஆம் ஆண்டுகளின் போரில் தீவக மக்களுள் பெரும்பகுதியினர் ஊர்விட்டுப் போனார்கள். 2006 ஓகஸ்ட் 13ஆம் நாள் அல்லைப்பிட்டி புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தோர் மீது எறிகணைகள் வீழ்ந்து பலர் மாண்டார்கள். அம்மக்களைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுசெல்லப் பாடுபட்டவர் அவர்களுடைய பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார். அதே மாதம் 20ஆம் நாள் அவரும் அவரோடு சென்ற குடும்பத்தவர் ஒருவரும் அல்லைப்பிட்டிக் கடற்படைச் சோதனைச் சாவடியருகே கடைசியாகக் காணப்பட்டார்கள். அதன்பின் இருவரும் திரும்பவில்லை.

இப்படிப் பல வீடுகளில் ஒரு படம் மாலையில்லாமல் தொங்குகிறது. மாலை போட்டால் இறந்துவிட்டான் என்று ஒப்புக்கொண்டதாகும். ஆகையால் தாய் போடமாட்டாள். 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சியில் காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் தெருவோரத்தில் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். அவ்விதம் போராடிய பெற்றோருட் சிலர் பதில் அறியாமலே கண்மூடிவிட்டார்கள்.

இத்தகைய தாய்க்கு நாம் என்ன சொல்வது? "எல்லாம் கடவுள் சித்தம், மறந்துவிடுங்கோ அம்மா" என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. மூன்றாம் ஞாயிறுக்கென முதலாம் ஆண்டு வட்டத்தில் குறிக்கப்பட்டுள்ள நற்செய்தி நமக்கு வழிகாட்டுகிறது. ஸ்நாபக அருளப்பர் சிறையிலே கிடக்கிறார். வரவேண்டியவர் நீர்தாமா, வேறொருவரை எதிர்பார்க்க வேண்டுமா என்று சீடரை அனுப்பி யேசுவிடம் கேட்கிறார். யேசு அவரைக் கடிந்துகொள்ளவில்லை. பெண்களிடம் பிறந்தவருள் அவரிலும் பெரியவர் இல்லையென்று மக்கள் முன் புகழ்ந்தார். ஆகவே இருளில் இருந்து எழும் கேள்வி அவிசுவாசமன்று. இறைவனிடம் கேட்கும் அந்தத் தாய், ஆட்சியாளரிடம் உண்மையைக் கேட்கும் அந்தத் தாய், அருளப்பரின் வரிசையில் நிற்கிறாள்.

அருளப்பர் சிறையிலிருந்து உயிரோடு மீளவில்லை. ஆயினும் அவருடைய சீடர் உடலைப் பெற்று அடக்கம் செய்து, யேசுவிடம் போய் அறிவித்தார்கள். நமது தாய்மாருக்கு அந்த ஆறுதலும் கிட்டவில்லை. இசையாஸ் இறைவாக்கினர் காட்டிய மெசியா ஏழைகளுக்கு நீதியோடு தீர்ப்பு வழங்குகிறவர். அவருக்காகக் காத்திருப்போம் என்று பாடுகிறவர்கள், உண்மையும் நீதியும் வேண்டிக் காத்திருப்போரைத் தனியே விட்டுவிடலாகாது.

6. நாம் செய்ய வேண்டியது என்ன?

இக்கேள்வியை அன்றைய மக்களே அருளப்பரிடம் கேட்டார்கள் என்று லூக்காஸ் எழுதுகிறார். இரண்டு அங்கி உள்ளவன் இல்லாதவனோடு பகிரட்டும் என்றார். ஆயக்காரரிடம் விதித்ததற்கு மேல் வாங்காதீர்கள் என்றார். படைவீரரிடம் எவரையும் மிரட்டிப் பணம் பறிக்காதீர்கள் என்றார். எவரையும் தொழிலை விட்டுப் பாலைவனத்துக்கு வரச் சொல்லவில்லை. அவரவர் தொழிலிலேயே மனந்திரும்புதல் தொடங்க வேண்டும் என்பதே அவர் போதனை. நம் ஊரில் அது மீன் நிறுக்கும் தராசிலும், தொழிலாளிக்குப் பிரிக்கும் பங்கிலும், வட்டிக் கணக்கிலும், வேலி எல்லையிலும் தொடங்கும்.

ஆனால் நடப்பது வேறு. நவெம்பர் முடியுமுன்னே கடைகளில் நத்தார் வந்துவிடுகிறது. நகையை அடகு வைத்து உடுப்பும் பலகாரமும் வாங்கி, தை மாதம் வட்டி கட்டித் தவிக்கும் குடும்பங்கள் உண்டு. நள்ளிரவுப் பூசை முடிந்த கையோடு மதுப் போத்தல் திறக்கும் வீடுகளும் உண்டு. பாலன் பிறந்த இரவிலே தாயும் பிள்ளைகளும் அழுதுகொண்டு படுத்தால், அவ்வீட்டுக் குடிலில் யார் பிறந்தார்?

ஆகவே ஒவ்வொரு குடும்பமும் பின்வரும் முறையைக் கைக்கொள்ளலாம்.

முதல் வாரம், விழிப்பு. மாலையில் தொலைக்காட்சியையும் கைத்தொலைபேசிகளையும் நிறுத்தி, கால்மணி நேரம் எல்லோரும் ஒன்றாகச் செபியுங்கள். நான்கு மெழுகுதிரிகள் கொண்ட திருவருகை வளையத்தைப் பலர் அறிவீர்கள். 1839இல் ஜெர்மனியின் ஹம்பேர்க் நகரில் யோகான் விக்கெர்ன் என்னும் லுத்தரன் போதகர் ஏழைச் சிறுவர்களுக்காகத் தொடங்கிய வழக்கம் அது. நாம் அதைப் பனையோலையால் பின்னி, வாரம் ஒரு திரி கூட்டி ஏற்றலாம்.

இரண்டாம் வாரம், வழி செப்பனிடல். கதை பேச்சில்லாமல் விட்ட ஒருவரின் வீட்டுக்கு நீங்களே முதலில் போங்கள். அது உடன்பிறந்தாராயினும் சரி, வேலிக்கு அப்பாலுள்ளவராயினும் சரி. பின் பாவசங்கீர்த்தனத்துக்கு வாருங்கள். நத்தாருக்கு முந்திய நாள் வரிசையில் நின்று அவசரமாய்ச் செய்வதை விட, அமைதியாகச் செய்வது எவ்வளவோ மேல்.

மூன்றாம் வாரம், பகிர்வு. நத்தார்ச் செலவில் ஒரு பங்கை எடுத்து வையுங்கள். காணாமற்போனவருக்காகக் காத்திருக்கும் ஒரு வீட்டுக்குப் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். புத்தி சொல்ல வேண்டாம். அவர்கள் கதைப்பதைக் கேளுங்கள். காணாமற்போனவரின் பெயரைச் சொல்லி அவர்களோடு செபியுங்கள்.

நான்காம் வாரம், மரியன்னையோடு. அன்னை தேவதூதரின் செய்தியைக் கேட்டதும் மலைநாட்டுக்கு விரைந்து, முதிர்வயதில் கருவுற்ற எலிசபெத்துக்குத் துணை நின்றார். பிள்ளைகள் பாரிசிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்க, பெரிய வீட்டில் தனியே இருக்கும் ஆச்சியும் அப்புவும் நம் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. அவர்களோடு ஒருநாள் இருந்து சமைத்து உண்ணுங்கள். இப்பத்திரிகையை வெளிநாட்டிலிருந்து வாசிக்கும் அன்பர்களே, நீங்கள் அனுப்பும் காசு முற்றத்துக்கு வருகிறது; உங்கள் குரலும் வரட்டும்.

குடிலுக்கென்று தானியம் முளைக்கப் போடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. விதை ஊறவும் முளை விடவும் நாள் வேண்டும். இருபத்துநாலாம் திகதி மாலை போட்டால் இருபத்தைந்தாம் திகதி காலை பசுமை இராது. உள்ளமும் அப்படியே. இன்றே விதையுங்கள்.

குடும்பத்தில் கலந்துரையாடுவதற்கு

(அ) நமது வீட்டில் நத்தார் ஆயத்தம் என்றவுடன் முதலில் பேசப்படுவது எது? அது அவ்விடத்தில் இருக்கத் தகுந்ததா?

(ஆ) 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் கூடிய மக்கள் இன்று நம் கோயிலுக்கு வந்தால், நம்மிடம் எதைக் கண்டு மகிழ்வார்கள்? எதைக் கண்டு வருந்துவார்கள்?

(இ) நமது தொழிலில் அல்லது உத்தியோகத்தில், அருளப்பர் திருத்தச் சொல்லக்கூடிய காரியம் எது?

(ஈ) நமது ஊரில் ஒருவருக்காக இன்னும் காத்திருக்கும் வீடு எது? அங்கே நாம் எந்த நாளில் போவோம்?

கடைசி வினாவுக்கு விடையாக ஒரு நாளைக் குறித்து, அதை வீட்டு நாட்காட்டியில் எழுதி வையுங்கள்.